நாய், தோல், சோபா: ஒரு கறையின் வரலாறு

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால், மணி சோபாவுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தான். சோபாவின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். இரவெல்லாம் மழை. வெளியே கூட்டிப்போக யாரும் எழவில்லை.

மணிக்கு 13 வயது. தெருவில் கிடைத்த நாட்டு நாய். வயசான நாய்களுக்குச் சிறுநீர் அடங்காது என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். அதனால் அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நான் செய்த காரியத்துக்கு என்னை நானே திட்டிக்கொள்ளலாம். சமையலறை மேடை துடைக்கிற ஸ்பிரேயை அடித்து, அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்தேன். இரண்டு நாளில் அந்த இடம் அட்டை மாதிரி விறைத்து, ஓரத்தில் கருப்பாக ஒரு வளையம் வந்துவிட்டது.

"சோபாவா மணியான்னு ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றாள் மனைவி. அவள் மேல் தப்பில்லை. இரண்டு வருஷம் இ.எம்.ஐ. கட்டி வாங்கிய சோபா. ஏற்கனவே முதுகுப் பக்கத்தைப் பூனை மிளகு கீறி வைத்திருக்கிறது. அம்மா தன் பங்குக்கு, "அப்பவே சொன்னேன், மாட்டுத் தோல்ல உக்கார வேண்டாம்னு" என்று சொல்லி, மேலே ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டார். மணியை இனிமேல் பால்கனியில்தான் படுக்க வைப்பது என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

அன்று ராத்திரி தோலில் நாய்ச் சிறுநீர்க் கறை போக என்ன வழி என்று தேடினேன். வழக்கம்போல தேடல் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு பழைய புத்தகத்தில் வந்து நின்றேன். தோல் பதனிடுகிறவர்கள் நாய் மலத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று அதில் இருந்தது. தோலைக் கெடுப்பதற்கு இல்லை, தோலை நன்றாக ஆக்குவதற்கு! இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன். அங்கிருந்து தொடங்கியதுதான் இந்தக் குறிப்பு.

வாளிக்கு 8 பென்னி

ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1849 முதல் லண்டன் ஏழைகளை நேரில் சந்தித்து எழுதிவந்தார். 1851 முதல் அது 'லண்டன் லேபர் அண்ட் தி லண்டன் புவர்' என்ற தலைப்பில் புத்தகமாக வந்தது. தெருவில் பொருள் பொறுக்கிப் பிழைக்கும் பலவகை மனிதர்கள் அதில் வருகிறார்கள். அதில் ஒரு வகையினர், தெருத்தெருவாகப் போய் நாய் மலம் பொறுக்குகிறவர்கள். அந்தச் சரக்குக்குத் தொழிலில் வைத்திருந்த பெயர் 'பியூர்'. சுத்தம் என்று அர்த்தம்! தோலைச் சுத்தப்படுத்துகிற குணம் அதற்கு இருந்ததால் அந்தப் பெயர் என்கிறார் மேஹ்யூ.

விலை நிலவரத்தையும் கொடுத்திருக்கிறார். ஒரு வாளிக்கு 8 முதல் 10 பென்னி. தரம் நன்றாக இருந்தால் 1 ஷில்லிங்குக்கு மேலேயே போகும். காய்ந்து வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி இருப்பதற்குத்தான் உயர்ந்த விலை. விலை என்று ஒன்று வந்துவிட்டால் கலப்படமும் வருமே. பழைய சுவர்க்காரையைப் பெயர்த்து எடுத்துவந்து அதில் சேர்த்து விற்றவர்களும் இருந்தார்கள். நல்ல நிலையில் வாழ்ந்து, பிறகு நொடித்துப்போய் இந்த வேலைக்கு வந்த ஒரு மூதாட்டியையும் மேஹ்யூ சந்தித்து எழுதியிருக்கிறார். படித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

இதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் பெர்மண்ட்ஸி. தேம்ஸ் நதிக்குத் தெற்கே, லண்டன் நகர எல்லைக்கு வெளியே இருந்த பகுதி. நாற்றம் பிடித்த தொழிலை ஊருக்கு வெளியே வைப்பது அங்கேயும் வழக்கம்தான். ஓடையில் தண்ணீர் உண்டு, பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஓக் மரப்பட்டை வரும். டேனரிக்கு வேறென்ன வேண்டும்? இன்றும் அங்கே டேனர் தெரு, மொராக்கோ தெரு, லெதர்மார்க்கெட் தெரு என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. டேனரிகள்தான் இல்லை.

பியூர் எல்லாத் தோலுக்கும் போகவில்லை. செருப்பு அடித்தோலுக்கு மென்மை தேவையில்லை. கையுறைக்கும், புத்தக அட்டைக்குமான மெல்லிய ஆட்டுத்தோலுக்குத்தான் இது. கன்றுத்தோல் மாதிரி கொஞ்சம் கனமானவற்றுக்குக் கோழி, புறா எச்சத்தைக் கரைத்து ஊறவைப்பார்கள். கை வைத்தால் பட்டு மாதிரி வழுக்க வேண்டிய தோல் எல்லாம் இப்படி ஒரு தொட்டியில் கிடந்து வந்ததுதான்.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

இதைப் புரிந்துகொள்ள, தோல் பதனிடும் வரிசையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரித்த தோலை முதலில் உப்பு போகக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் போடுவார்கள். சுண்ணாம்பு, முடியின் வேரைத் தளர்த்திவிடும். முடியை வழித்து எடுக்கலாம். சுண்ணாம்புக்கு முன்னால் பழைய சிறுநீரும் இதே வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. சிறுநீர் பழசாக ஆக, அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். அம்மோனியா ஒரு காரம். காரம் பட்டால் முடி கழலும்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். சுண்ணாம்பிலிருந்து வெளியே எடுத்த தோல் ஊதிப்போய், ரப்பர் மாதிரி விறைத்து இருக்கும். அப்படியே பதனிட்டால் முரட்டுத் தோல்தான் கிடைக்கும். அந்த வீக்கம் வடிய வேண்டும். தோலின் அடிப்படை, கொலாஜன் என்ற புரத நார். நார்களுக்கு நடுவே பசை மாதிரி வேறு சில புரதங்களும் இருக்கும். நாரைக் கெடுக்காமல் நடுவில் இருப்பதை மட்டும் நீக்க வேண்டும். நாய் மலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதில் தோலைப் போட்டால், சில மணி நேரத்தில் இது நடந்துவிடும். கொஞ்சம் தாமதித்தால் தோலே கரைய ஆரம்பிக்கும். எப்போது எடுக்க வேண்டும் என்பது தொழிலாளியின் விரல் நுனிக்குத்தான் தெரியும். தோலை அழுத்திப் பார்ப்பார். விரல் தடம் அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது என்று ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் டர்னி வுட் என்ற வேதியியலாளர் இந்த ஒரு படியைப் பற்றி மட்டும் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, 1912-ல் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார்.

விடையைத் தொழிலாக மாற்றியவர் ஜெர்மானியர் ஓட்டோ ரோம். ஸ்டுட்கார்ட் நகர எரிவாயு நிலையத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். உயிருள்ள செல் இல்லாமலேயே என்சைம்கள் வேலை செய்யும் என்று காட்டியதற்காக எடுவார்ட் புக்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1907-ல். ரோம் யோசித்தது இதுதான்: மலத்தில் வேலை செய்வது மலம் இல்லை, அதில் கலந்திருக்கும் செரிமான என்சைம் என்றால், அந்த என்சைமை நேராகக் கணையத்திலிருந்தே எடுத்தால் என்ன? எடுத்தார். 'ஓரோபோன்' என்று பெயர் வைத்தார். அதே 1907-ல் நண்பர் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனியைத் தொடங்கினார். சில வருஷங்களில் நாய் மலத்துக்கு மார்க்கெட் சரிந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. தோல் நாருக்கு நடுவில் உள்ள புரதத்தைத் தின்னும் என்சைம், சட்டைக் காலரில் உள்ள புரத அழுக்கையும் தின்னுமே என்று ரோமுக்குத் தோன்றியது. 1914-ல் 'புர்னுஸ்' என்ற சலவைப் பொடி வந்தது. என்சைம் சேர்த்த முதல் சலவைப் பொருள் அதுதான். இன்று நம்ம வீட்டு வாஷிங் பவுடர் பாக்கெட்டில் 'என்சைம்' என்று போட்டிருப்பதற்கு மூதாதை, பெர்மண்ட்ஸி வாளி. இதே ரோமின் கம்பெனிதான் 1933-ல் பிளெக்ஸிகிளாஸையும் கொண்டுவந்தது.

இதைப் படித்த அன்று மணியைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத மாதிரி தரையில் படுத்திருந்தான். மென்மையான தோல் என்று நாம் கொண்டாடும் விஷயத்தை மனுஷனுக்குப் பல தலைமுறைகளாகச் செய்துகொடுத்தது இவன் இனம்தான்.

ஆவாரம் பட்டையும் குரோம்பேட்டையும்

லண்டன் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து பாதி பதனிட்ட தோல்கள் கப்பல் கப்பலாகப் போயின. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்பது அந்தச் சரக்கின் வியாபாரப் பெயர். முக்கியச் சந்தை லண்டன். இங்கே பட்டை போட்டுப் பாதி வேலை முடித்து அனுப்புவோம். அங்கே சாயமும் மெருகும் ஏற்றி விற்பார்கள். லாபம் எந்தப் பாதியில் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் உலகப் போரின்போது ராணுவ பூட்ஸுக்கு மேல்தோலாக இந்தச் சரக்கு தேவைப்பட்டு, அரசே மொத்தமாக வாங்கியது.

அந்தத் தோலைப் பதனிட்டது நம்ம ஆவாரஞ்செடியின் பட்டை. பொங்கலுக்கு வாசலில் செருகுவோமே, அதே மஞ்சள் பூ ஆவாரம்தான். அதோடு கடுக்காய். வடக்கே கான்பூரில் கருவேலம் பட்டை. எல்லாம் துவர்ப்பு. துவர்ப்பான பொருள் வாயில் பட்டால் நாக்கு சுருங்குகிற மாதிரி இருக்குமே, அதே வேதியியல்தான் தோலிலும் நடக்கிறது. புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் பாக்டீரியா அதைத் தின்ன முடியாது. தோல் அழுகாது.

பட்டைப் பதனிடலுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். இதை மாற்றியது குரோமியம் உப்பு. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் குரோம் பதனிடலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் அதை இன்னும் எளிதாக்கினார். மாதக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது. தோல் வெளிர்நீலமாக வரும். கொதிதண்ணீரில் போட்டாலும் சுருங்காது.

அதைச் சென்னையில் செய்து பார்த்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன், இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர். நான் பி.இ. படித்த நாலு வருஷமும் இந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்த மனிதர். 1903 வாக்கில் குரோம் தோலுக்கு வந்தார். அவர் யோசித்தது சோபாவுக்கோ பூட்ஸுக்கோ இல்லை. கமலை ஏற்றத்துக்கு! கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் சாலில் தோல் பாகம் உண்டு. எந்நேரமும் தண்ணீரில் கிடந்து ஊறி, சீக்கிரம் கிழிந்துபோகும். தண்ணீருக்குத் தாங்கும் குரோம் தோலைப் போட்டால் விவசாயிக்குச் செலவு மிச்சம் என்பது கணக்கு.

பிறகு 1912-ல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் குரோம்பேட்டை. ஒரு ரசாயனத்தின் பெயரில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கும் ஊர் வேறு எத்தனை இருக்கும்? அந்த ஸ்டேஷனில் பல வருஷம் இறங்கி ஏறியிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ., வந்தது. அதை உலகம் அறிய வளர்த்தவர் நாயுடம்மா. 1985-ல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் இறந்துபோனார்.

இந்த வரலாற்றில் விடுபடும் ஒரு பகுதி உண்டு. செத்த மாட்டைத் தூக்கியது யார், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது யார்? சேரிக்கு வெளியே அவர்களுக்கு இடம் கிடையாது. தோலைத் தொட்டதால் தீட்டு என்று ஒதுக்கிவைத்தார்கள். ஒதுக்கிவைத்ததால் அந்த வேலைதான் கதி என்று ஆக்கினார்கள். தோல் மட்டும் பளபளப்பு ஏறிக் கடைக்கு வந்ததும் தீட்டு போய்விடும். அம்மா சோபாவில் போர்வை விரித்ததற்கு நாய் மட்டும் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் இதைப் பேச முயன்றேன். "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா, பழக்கம்" என்றார். பழக்கம்தான். அதைத்தான் வரலாறு என்கிறோம்.

பெரியமேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்

கறைபட்ட இடத்துக்கு ஒட்டுப்போட முடியுமா என்று கேட்க, சோபாவின் அடியில் மடிந்திருந்த தோலில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு பெரியமேடு போனேன். சென்னையின் பழைய தோல் மார்க்கெட். ஒரு சின்னக் கடையில் இருந்த பெரியவர் துண்டை வாங்கி, வெட்டின ஓரத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரில் விரலை விட்டு ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் வைத்தார். சொட்டு முத்து மாதிரி நின்றது.

"கோட்டிங் இருக்கு சார். உறிஞ்சல. நாய், பூனை வச்சிருக்கீங்கன்னா இதுதான் உங்களுக்கு நல்லது."

அவர் சொல்லி நான் புரிந்துகொண்டது இது. கடையில் 'லெதர்' என்று விற்பதில் நாலு ரகம் உண்டு.

ஒன்று, அனிலின். சாயம் மட்டும் ஊறின தோல், மேலே பூச்சு இல்லை. தொட்டால் சுகம். ஆனால் சொட்டுத் தண்ணீர் வைத்தால் உறிஞ்சிவிடும். மணி மாதிரி ஒருவன் வீட்டில் இருந்தால் ஒரே நாள்தான். இரண்டு, நிறப்பூச்சு போட்ட தோல். மேலே மெல்லிய பாலியூரித்தேன் படலம் இருக்கும். என்னுடையது அந்த ரகம். மாட்டின் மேல் கொசுக்கடியும் முள் கீறலும் இருக்கும் என்பதால், மேற்புறத்தை லேசாகத் தேய்த்து நீக்கி, பூச்சு பூசி, தோல் ரேகை மாதிரி அச்சு அழுத்தியிருப்பார்கள். அதாவது தோல்மேல் தோலின் படம்! மூன்று, பாண்டட் லெதர். வெட்டி மிஞ்சின தோல்தூளைப் பசையில் குழைத்துத் துணிமேல் ஒட்டியது. நான்கு, தோலே இல்லாத செயற்கைத் துணி. நாம் பொதுவாக ரெக்ஸின் என்போம். ரெக்ஸின் என்பது உண்மையில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் பெயர். துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசி விற்றார்கள். கம்பெனி போய், பெயர் மட்டும் நம்ம ஊரில் பொதுச்சொல்லாக நின்றுவிட்டது.

2011-ல் நான் வாங்கிய முதல் சோபா மூன்றாவது ரகம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கடையில் 'ஜெனுயின் லெதர்' என்றே சொல்லி விற்றார்கள். நாலு வருஷத்தில் வெயிலில் தோல் உரிகிற மாதிரி உரிந்து, சட்டையெல்லாம் ஒட்டியது. நான் பழியைப் போட்டது மணியின் நகத்தின் மேல். உண்மையான காரணம், சென்னைக் காற்றின் ஈரம் அந்தப் பாலியூரித்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே இருந்ததுதான். அப்போது மூன்று மாதம் மணியை ஹாலுக்குள் விடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கீறல், கறை, பூஞ்சை

வரலாறு தெரிந்தபின் பராமரிப்பு எளிதாகப் புரிந்தது. வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

நான் செய்த தப்பு என்ன? பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. சிறுநீர் பழசாக ஆக அம்மோனியா பெருகும், அது காரம். நான் அதன்மேல் இன்னொரு காரத்தை அடித்தேன், சமையலறை ஸ்பிரே. பிறகு சூடு வேறு. தோல் செய்யும்போது கடைசியில் நாருக்குள் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதுதான் மடங்கும் தன்மையைத் தருவது. தேய்த்ததிலும் சூட்டிலும் அதுவும் போய்விட்டது. செய்திருக்க வேண்டியது, உடனே பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது. தேய்க்கக்கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படியும். சோப்பு தேவைப்பட்டால் காரமில்லாத தோல் சோப்பு மட்டும்.

செல்லப்பிராணிக் கறைக்கென்று என்சைம் கிளீனர் விற்கிறார்கள். துணி சோபாவுக்கும் மெத்தைக்கும் நல்லது. தோலில் யோசிக்க வேண்டும். புரதம் தின்னும் என்சைம் அதில் இருந்தால், தோலும் புரதம்தான் என்பதை மறக்கக்கூடாது. ரோம் கதை தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். எங்கள் வீட்டிலும் யோசனை வந்தது. பூச்சு உள்ள தோலில் அது உள்ளே இறங்காது, மேலே நின்று தூசியைப் பிடிக்கும். பூச்சு இல்லாத தோலில் இறங்கிக் கறுக்கும், நாளானால் சிக்கு வாசனை வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சைக்கும் சௌகரியம். மழைக்காலத்தில் சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போட்டு, காற்று போகவிட்டால் போதும். வெயில் நேராக விழும் ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்டிஷனர்.

பூனை கீறுவது வம்புக்கு இல்லை. நகத்தின் பழைய உறையை உதிர்க்கவும், உடம்பை நீட்டவும், பாதத்தில் உள்ள வாசனைச் சுரப்பியால் 'இது என் இடம்' என்று எழுதவும்தான். ஆகவே தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். சோபாவுக்குப் பக்கத்திலேயே, அது நின்று நீட்டும் உயரத்துக்கு, சணல் கயிறு சுற்றிய ஒரு கட்டையை நிறுத்தினேன். வேறு அறையில் வைத்தபோது மிளகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாலில் வைத்ததும் பிடித்துக்கொண்டது. துணி சோபாவில் நூல் கொக்கி மாதிரி நகத்தில் மாட்டும், பூனைக்கு அது இன்னும் பிடிக்கும். அந்த வகையில் தோல் பரவாயில்லை. முடியும் ஒட்டாது. ஆனால் தோலில் விழுந்த நகத்துளை மூடாது. நிறப்பூச்சு மட்டும் போயிருந்தால் அதே நிறம் கலந்து தடவிச் சரிசெய்யலாம். பெரியவர் செய்துகொடுத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பாலாறு

பெரியமேட்டிலிருந்து திரும்பும்போது, ஒட்டுப்போடுவதற்குப் பதில் புது சோபாவே வாங்கிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. அதை நிறுத்தியதும் நான் படித்த ஒரு கணக்குதான்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் பாலாற்றங்கரை ஊர்கள். நாட்டின் தோல் ஏற்றுமதியில் பெரிய பங்கு அங்கிருந்துதான். டேனரிக் கழிவு ஆற்றிலும் வயலிலும் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிறுத்திய முக்கியமான தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பில் வரும் இரண்டு எண்கள்: ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவு. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ கெட்டுப்போயிருக்கிறது.

அதே டேனரிகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிடுகின்றன என்பதும் உண்மை. தோலை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, காலில் போட்டிருப்பதும் தோல்தான். ஆனால் இத்தனை தண்ணீரும், இத்தனை பேர் கையும் பட்டு வந்த ஒன்றை, ஒரு உள்ளங்கை அகலக் கறைக்காகத் தூக்கிப்போடுவது சரியாகப் படவில்லை. நல்ல தோல் சோபா ஒழுங்காக வைத்துக்கொண்டால் 20 வருஷம் உழைக்கும் என்றார் பெரியவர். என்னுடையதற்கு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது.

கறைபட்ட இடத்தை வெட்டி எடுத்து, அதே நிறத்தில் ஒரு துண்டு வைத்துத் தைத்துவிட்டார்கள். 1,800 ரூபாய். தையல் கொஞ்சம் தெரிகிறது. அந்த மூலையில் நீர்புகாத ஷீட் ஒன்று, அதன்மேல் அம்மாவின் போர்வை. மணியை ராத்திரி ஒரு மணிக்கு அலாரம் வைத்துக் கீழே கூட்டிப்போகிறேன். ஒரு நாள் நான், ஒரு நாள் மனைவி. இந்த ஏற்பாட்டுக்கு அவள் ஒத்துக்கொண்டதுதான் இதில் பெரிய விஷயம்.

பால்கனி யோசனையை யாரும் மறுபடி பேசவில்லை. நேற்று மாலை ஹாலுக்கு வந்தபோது, போர்வையில் ஒரு பக்கம் மணி, இன்னொரு பக்கம் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போர்வை நழுவி அம்மாவின் பக்கம் பாதி தோல் வெளியே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.